வலப்பக்கம் திரும்பும்போது மட்டும்

ஜூன் 3, திங்கள்

மோனிஷாவின் காரில் ஒரு சத்தம் வருகிறது.

இந்த நாட்குறிப்பு காருக்காக மட்டுமே. வெகுகாலமாக மாட்டு வைத்தியம் பார்க்கிறேன். வாய் பேசாத நோயாளிக்கு அன்றன்று கண்டதை எழுதி வைத்தால்தான் நோய் பிடிபடும். வேறு விஷயம் எதையும் இதில் எழுதுவதாக இல்லை.

மகள் ஏப்ரலில் புனேவுக்குப் போனாள். வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் இன்ஜினியர் வேலை; இங்கே இருந்தபோதும் அதே கம்பெனிதான், கூட வேலை பார்த்த சிலரோடு சேர்த்து அங்கே மாற்றினார்கள். போவதற்கு முந்தின வாரம் ஒரு மாப்பிள்ளையின் போட்டோவை வைத்து எங்களுக்குள் சண்டை. "நான் பாக்க மாட்டேன்" என்றாள். போட்டோவை மட்டுமல்ல, என்னையும் பார்க்காமல்தான் ரயிலேறினாள். கடைசியாக என்னிடம் அவள் பேசிய முழு வாக்கியம், "வாரத்துக்கு ஒருக்கா வண்டிய எடும்மா, இல்லீன்னா பேட்டரி செத்துரும்." அதற்குப் பிறகு போனெல்லாம் அப்பாவுக்குத்தான். எனக்கு வருவது, "அம்மாவ கேட்டேன்னு சொல்லுப்பா."

கார் பழையது, வெள்ளை நிறம். முதல் வருடச் சம்பளத்தில் யாரிடமோ வாங்கினாள். வாங்கின கையோடு ஸ்பிரிங்கையெல்லாம் மாற்றி, வண்டியை இறக்கி, தரைக்கும் வண்டிக்கும் இடையில் ஒரு செங்கல் போகிற இடம் மட்டும் விட்டு வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு "அழகா இருக்கும்மா" என்றாள். வயிறு தரையில் உரசுகிற பிராணி எதையும் யாரும் அழகு என்று சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளே ஏறுவது என்று சொல்லக்கூடாது, இறங்குவது என்றுதான் சொல்லவேண்டும். முதலில் உட்கார வேண்டும், பிறகு காலை இழுத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் தலை. சிக்னலில் நின்றால் தெருநாய்கள் என்னைச் சரிசமமாகப் பார்க்கின்றன.

இன்று என் வீட்டுக்காரரைத் தென்னைநார் மில்லில் விடக் காரை எடுத்தேன். மகள் இங்கே இருந்தவரை இதில் அவர் ஏறியதே இல்லை. இப்போது "நீ தனியா ஓட்டறியே, ஒரு தொணைக்கு" என்று வருகிறார். மில் ரோட்டுக்கு வலது பக்கம் திரும்பினேன். அவர் காலுக்குக் கீழேயிருந்து கர்ர்ர் என்று ஒரு சத்தம். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

"ஏம் புள்ள, அடியில எதாச்சும் மாட்டிக்கிச்சா?"

இறங்கிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அவர் இறங்கி முடிப்பதற்குள் ஆக்சிடென்டோ என்று விசாரிக்க இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

ஜூன் 5, புதன்

சத்தத்தைச் சோதிக்கத் தனியாக எடுத்துப் போனேன். ஆழியாறு வரை. வலது வளைவு, இடது வளைவு, மேடு, பள்ளம் எல்லாம் பார்த்தாயிற்று. சத்தம் இல்லை. வளைவுகளில் இந்த வண்டி ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகிறது. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை, கண்டதை எழுதுகிறேன்.

ஜூன் 7, வெள்ளி

பேட்டரிக்காக உடுமலை வரை. சத்தம் இல்லை.

ஜூன் 8, சனி

ஒர்க்ஷாப் கனகராசுவிடம் கொண்டு போனேன். அவருடைய எருமைக்கு இரண்டு முறை பிரசவம் பார்த்திருக்கிறேன், அந்த மரியாதையில் மறுக்காமல் வண்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டரம்மா, இது காருங்களா, தரை தொடைக்கற மாப்புங்களா?"

"என்ற பொண்ணு வண்டி. அழகுக்கு எறக்கியிருக்கா."

"சரிங்க" என்றார், அதற்கு மேல் அழகைப் பற்றிப் பேசவில்லை. சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைத் துடைத்து, மாட்டி, ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் ஒல்லி. அகத்திக் குச்சி மாதிரி இருப்பார். "ஒரு சத்தமும் இல்லீங்களே. காதுல எதாச்சும் இருக்குதான்னு பாத்துக்கங்க."

காதைப் பார்த்துக்கொண்டேன். இருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

என் வீட்டுக்காரரோடு கோயிலுக்குப் போகும்போது சத்தம். வரும்போதும் சத்தம். அவரை வீட்டில் இறக்கிவிட்டு அதே ரோட்டில் மறுபடி போனேன். சத்தம் இல்லை. வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனேன். சத்தம்.

நோய்க்காரணம் பிடிபட்டது. நேராகச் சொன்னேன்.

"ஏனுங்க, நீங்க ஒக்காந்தா மட்டுந்தான் வருது."

அவர் பெயர் தண்டபாணி. பெயருக்குரிய சாமியைப் போல ஒல்லியாக ஒரு காலத்தில் இருந்தார், கல்யாண ஆல்பத்தில் ஆதாரம் இருக்கிறது. இப்போது நூறு கிலோவைத் தொட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்.

"அப்ப என்னால தான்ங்கற."

"காருக்குத்தான் சொல்றேன்."

இரவு இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். மூன்றாவதை நான் வற்புறுத்தவில்லை, அதுவும் தப்பாகப் போயிற்று.

ஜூன் 11, செவ்வாய்

வேறு வழியில்லாமல் மோனிஷாவுக்குப் போன் செய்தேன். வேலைக்குப் போவதற்கு முன்னால் பிடிக்கலாம் என்று காலையிலேயே. ஆறரை இருக்கும்.

எடுத்தவுடன், "அப்பாவுக்கு என்னாச்சு?" என்றாள்.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. வண்டிலதான் ஒரு சத்தம்."

"என்னம்மா பண்ணுன என் வண்டிய?"

நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். டயர் உரசுகிறது என்றாள். டயரில் தடயம் இல்லை என்றேன். ரோடு சரியில்லை என்றாள். ரோடு எல்லோருக்கும் ஒன்றுதானே, எனக்கு வராதது அப்பாவுக்கு மட்டும் ஏன் வருகிறது என்றேன். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் மெதுவாக, "எந்தப் பக்கம் திரும்பும்போதுன்னு கேளு" என்றது.

"யாரு அது?"

"ஆபீஸ்ல கூட வேல பாக்கறவரும்மா."

"வலது பக்கம் திரும்பும்போதுன்னு சொல்லு" என்றேன்.

புனேவில் ஆபீஸ்களை மிகச் சீக்கிரமே திறந்துவிடுகிறார்கள். உழைப்பாளிகள்.

ஜூன் 13, வியாழன்

என் வீட்டுக்காரருடைய கோபம் தீரவேண்டும் என்பதாலும் சோதனை முறையாக இருக்கவேண்டும் என்பதாலும் இன்று அவருக்குப் பதிலாக மாட்டுத் தீவன மூட்டைகளை ஏற்றினேன். முன் சீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. விழாமல் இருக்க சீட் பெல்ட் போட்டேன். மில் ரோட்டில் வலது பக்கம் திரும்பினேன். கர்ர்ர்.

மூட்டைகளை எனக்குப் பின்னால் வலது பக்கத்துக்கு மாற்றினேன். சத்தம் இல்லை.

ஆக, குற்றம் ஆளிடம் இல்லை, இடது பக்கத்தில் ஏறுகிற கனத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னனல்ல" என்றார். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருந்தாலும் இன்று நான்கு தோசை.

மோனிஷாவுக்குப் போன் செய்து முடிவைச் சொன்னேன். "மூட்டைக்கு சீட் பெல்ட்டா?" என்று சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். பிறகு போன் கைமாறியது.

"அம்மா, வணக்கம். நான் ஆக்னல், மோனிஷாகூட வேல பாக்கேன். ஒண்ணு கேக்கலாமா? சத்தம் ஒரே மாதிரி இழுக்கா, இல்ல வண்டி வேகத்துக்குத் தக்கன கூடிக் குறையுதா?"

"வேகத்துக்குத் தக்கன. மெதுவாப் போனா கரகரன்னு எண்ணற மாதிரி, வேகமாப் போனா ஒரே இழுப்பு."

"அருமையாச் சொல்லுதீய. அப்போ அது சுத்துற பாகந்தான். எஞ்சின்ல இருந்து சக்கரத்துக்குப் போற அச்சு ஒண்ணு இருக்கும்லா, இடது பக்கத்து அச்சு, அது எதுலயோ உரசுதுன்னு நெனைக்கேன். அதுல எதாவது பூசிவிட்டு ஓட்டிப் பாத்தா எந்த இடத்துல அழியுதுன்னு தெரிஞ்சுபோவும்."

பேச்சு தூத்துக்குடிப் பக்கம். விசாரிக்கும் முறை சரியாக இருக்கிறது. எங்கள் துறையில் புதிதாக வருகிற டாக்டர்கள் இப்படிக் கேட்பதில்லை, எடுத்தவுடன் ஊசி.

ஜூன் 16, ஞாயிறு

இன்று வீட்டுக்கு உடுமலையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். கணவன், மனைவி. அந்தப் போட்டோவில் இருந்த பையனின் பெற்றோர். இது முன்பே பேசி வைத்தது. மோனிஷாவிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது, வெறும் காப்பிதான்.

காப்பி நன்றாகவே நடந்தது. அந்த அம்மாள் பெயர் சிவகாமி, ஓயாமல் வீட்டின் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும் நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோ கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் பெருந்தன்மையாக, "நம்ம வண்டியிலயே பஸ் ஸ்டாண்டுல விட்டர்லாமுங்க" என்றார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. அல்லது பார்த்தார்.

சிவகாமி அம்மாள் பட்டுப்புடவையோடு அந்தக் காருக்குள் இறங்குவதற்கு நான் ஒரு கையையும் அவர் கணவர் ஒரு கையையும் பிடித்தோம். புறப்பட்டவுடன் கர்ர்ர் தொடங்கிவிட்டது. நான்கு பேர் கனம், வலது, இடது என்ற பேதமே இல்லை.

"இது என்னங்க சத்தம்?" என்றார் சம்பந்தியாக இருக்க வந்தவர்.

"அச்சு உரசுதுங்க. எந்த எடத்துலன்னு பாத்துட்டிருக்கோம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் முன் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மாரியம்மன் கோயில் முன்னால் இருக்கிற வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறவில்லை. நடுவயிறு வேகத்தடைமேல் உட்கார்ந்துகொண்டது. முன்னும் போகாது, பின்னும் வராது. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு வந்து பார்த்தார்கள். ஒருவர், "எல்லாரும் எறங்கிக்குங்க, தானா எந்திரிச்சுக்கும்" என்றார். எல்லோரும் மழையில் இறங்கினோம். மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரரோடு சேர்ந்து தள்ளினார். நல்ல மனிதர்.

குடைக்குள் என் பக்கத்தில் நின்ற சிவகாமி அம்மாள் கேட்டார்.

"உங்க பொண்ணு இந்த வண்டியவா ஓட்டும்?"

"ஆமாங்க."

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இது? எங்க வீட்டுக்கு வந்தா இதெல்லாம் வித்துப்போடலாம்."

"நல்லா ஓட்டுமுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஸ்பிரிங்கெல்லாம் அவளே கழட்டி அவளே மாட்டுனதுங்க. இந்த வண்டிய வளைவுல ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். விக்கற வண்டி இல்லீங்க."

இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மழை காரணமாக இருக்கலாம்.

ஜூன் 17, திங்கள்

தரகர் போன் செய்தார். ஜாதகத்தில் ஏதோ கட்டம் இடிக்கிறதாம். மிகவும் வருத்தமாக இருந்தது. மதியம் அவியலும் வடையும் செய்தேன்.

ஜூன் 19, புதன்

என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வேகத்தடைக் கதையை மோனிஷாவிடம் சொல்லிவிட்டார். யார் யார் தள்ளினார்கள் என்பது உட்பட. நேற்றிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை.

இன்று காலை வேறு எண்ணிலிருந்து அழைப்பு.

"அம்மா, ஆக்னல் பேசுதேன். வண்டி எப்படி இருக்கு?"

"வண்டி அப்படியேதான் இருக்குதுங்க. மோனிஷா கோவமா இருக்காளா?"

தயங்கினார். "இருக்கா. ராத்திரி சாப்புடல. இப்பதான் எந்திரிச்சா, டீ போட்டுக் குடுத்திருக்கேன்" என்றவர், உடனே, "அதாவது, நான் மாடியில இருக்கேன், அவ கீழ் வீடு. கதவத் தட்டிக் குடுத்தேன்" என்றார்.

ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறார்கள் போலிருக்கிறது. தெரியாத ஊரில் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது நல்லதுதான். இருமல் வந்தால் யாராவது வேண்டும்.

"டீயில சக்கரை கம்மியாப் போடுங்க" என்றேன்.

"தெரியும்மா. அர ஸ்பூன்."

அது சரி.

ஜூன் 22, சனி

இன்று நோய் கையும் களவுமாகப் பிடிபட்டது.

கனகராசு ஒர்க்ஷாப் பள்ளத்தின்மேல் வண்டியை நிறுத்தி நானே பள்ளத்துக்குள் இறங்கினேன். அச்சில் பூச என்ன கிடைக்கும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். என் பையில் ஜென்ஷன் வயலட் இருந்தது. மாட்டுப் புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்து. ஒட்டினால் லேசில் விடாது. இடது அச்சு முழுவதும் அதைப் பஞ்சால் பூசி, காயவிட்டு, என் வீட்டுக்காரரை முன்னால் உட்காரவைத்து மில் ரோட்டில் திரும்பத் திரும்ப வலது பக்கம் போனேன். கர்ர்ர், கர்ர்ர். இத்தனை நாளில் அந்தச் சத்தத்தைச் சந்தோஷமாகக் கேட்டது இன்றுதான்.

மறுபடி பள்ளத்துக்குள். டார்ச் அடித்துப் பார்த்தோம். ஊதாவின் நடுவில் ஒரு வளையம் மட்டும் சுத்தமாக அழிந்து இரும்பு வெள்ளையாக மின்னுகிறது. அதற்கு நேர் மேலே, வண்டியின் அடிச்சட்டத்தில் ஊதா நிறத்தில் ஒரு தீற்றல். அச்சு அங்கே போய்த்தான் உரசியிருக்கிறது. வண்டியை அளவுக்கு மேல் இறக்கிவிட்டதால் சக்கரத்துப் பக்கம் அச்சு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, இடது பக்கம் கனம் சாய்ந்தவுடன் இன்னும் ஏறிச் சட்டத்தைத் தொடுகிறது. கனகராசுவும் சாய்ந்து சாய்ந்து பார்த்துவிட்டு, "அப்ப காதுல ஒண்ணுமில்லீங்க" என்றார்.

போட்டோ எடுத்து இருவருக்கும் அனுப்பினேன். என் நெற்றியும் என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையும் ஊதாவாகிவிட்டன. அது போட்டோவில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

ஆக்னலின் பதில் முதலில் வந்தது: "வண்டிய ஒரு இன்ச் தூக்கணும்மா. அந்த ஸ்பிரிங்ல திருகி உயர்த்துற வளையம் உண்டு. மோனிஷா ஒத்துக்கிட மாட்டா. சட்டத்த வெட்டி இடம் பண்ணுங்கம்பா. வெட்ட விடாதீங்க."

மோனிஷாவின் பதில் அடுத்தாற்போல் வந்தது: "சட்டத்துல கொஞ்சம் வெட்டச் சொல்லு."

கோபம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 23, ஞாயிறு

போனில் சண்டை. எழுதி வைக்கவேண்டிய அளவுக்கு நல்ல சண்டை.

"என் வண்டிம்மா. நான் சொல்றேன், வெட்டு."

"மருந்துல தீர்றதுக்கு ஆபரேசன் பண்ண மாட்டேன். தூக்கித்தான் ஆகோணும்."

"தூக்குனா அசிங்கமா இருக்கும். நீ பேட்டரிக்குத்தான ஓட்டற, உனக்கு என்ன?"

"ஓட்டறது நான். உங்கப்பாவ கூட்டிட்டுப் போறது நான்."

"வெறும் பேட்டரிக்கு எதுக்கும்மா ஆழியாறு, உடுமலை, வால்பாறை ரோடு? அப்பா எல்லாஞ் சொல்லிட்டாரு."

இந்த வீட்டில் ஒரு ரகசியம் நிற்பதில்லை.

"அந்தத் தம்பிகிட்டக் குடு. அவரும் தூக்கத்தான் சொன்னாரு" என்றேன்.

அங்கே ஏதோ குசுகுசுவென்று நடந்தது. "ரெண்டு பேரும் ஒரு கட்சி ஆயிட்டீங்களா?" என்றாள். "நானே வர்றேன். வந்து நானே பாக்கறேன். அது வரைக்கும் யாரும் அதத் தொடாதீங்க."

ஜூலை 2, செவ்வாய்

செய்தி வந்தது. "13 காலைல வர்றோம்." ஒரு நிமிடம் கழித்து, "வர்றேன்." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "கூட ஆக்னல் வர்றாரு. வண்டி பாக்க."

ஜூலை 6, சனி

இன்று ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை. உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

வருகிற ஆள் யார் என்று என் வீட்டுக்காரருடைய அக்கா கேட்பார். மில்லில் கேட்பார்கள். வண்டி ரிப்பேர் பார்க்க வந்திருக்கிறார் என்று சொல்லலாம். ஒரு நாளைக்குச் சொல்லலாம். அதன் பிறகும் வந்தால்? வருடா வருடம் வந்தால்? எந்த வண்டிக்கு அவ்வளவு ரிப்பேர் வரும்? எந்த ஊர், என்ன ஆட்கள், எந்தக் கோயில் என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும். சண்டை போட்டுப் போன பெண் மூன்று மாதத்தில் ஒரு சத்தத்துக்காகத்தான் என்னோடு பேசுகிறாள். இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை தவறிச் சொன்னால் சத்தமும் இல்லாமல் போகும்.

இதெல்லாம் காருக்குச் சம்பந்தம் இல்லாதது. எழுதியிருக்கக்கூடாது.

ஜூலை 12, வெள்ளி

மார்க்கெட்டில் மீன் நன்றாக இருந்தது. சீலா மீன். வாங்கினேன். "நம்ம வீட்ல மீனா, யாருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். மீன் நன்றாக இருந்தது, அவ்வளவுதான் என்றேன். "செய்யத் தெரியுமா?" என்றார். தெரியாது.

ஜூலை 13, சனி

வந்தார்கள். மோனிஷா இளைத்திருக்கிறாள். ஆக்னல் நல்ல உயரம். கும்பிட்டுவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க, செருப்ப அங்கயே விடுங்க" என்றார் என் வீட்டுக்காரர், தினமும் வருகிற ஆளிடம் சொல்வதைப் போல.

பல் விளக்கினவுடன் மோனிஷா காரிடம் போய்விட்டாள். ஆக்னலும் எழுந்தார். "நீ வராத, நீ அம்மா கட்சி" என்று தடுத்துவிட்டாள். அவர் சமையலறையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், "நான் வேணா வைக்கட்டுமா?" என்று கேட்டார். அவரையும் மீனையும் என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நான் வெளியே போனேன்.

வண்டியைத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தாள். அடியில் சாக்கு விரித்து மல்லாக்கப் படுத்திருந்தாள். நானும் பக்கத்தில் படுத்து உள்ளே நகர்ந்தேன். அந்த ஊதா அச்சு எங்கள் முகத்துக்கு மேலே நின்றது.

"நல்லாத்தான் பூசியிருக்க" என்றாள்.

"வளையம் தெரியுதா?"

"தெரியுது." விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஒரு இன்ச் தூக்குனா லாரி மாதிரி இருக்கும்மா."

"லாரி போற எடமெல்லாம் போகும்."

கொக்கி மாதிரி இருந்த ஸ்பானரை எடுத்து ஸ்பிரிங்கை உயர்த்துகிற வளையத்தைத் திருக ஆரம்பித்தாள். அதன்பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா, ஆக்னல் கூட வேல பாக்கறவரு மட்டும் இல்ல."

"தெரியும்."

ஸ்பானர் நின்றது. "எப்பயிருந்து?"

"காலைல ஆறரைக்கு எந்த ஆபீசு தொறக்குது?"

"அப்பறம் ஏன் ஒண்ணுமே கேக்கல?"

நான் கேட்பதற்கு நிறைய வைத்திருந்தேன். ஊர், மதம், உன் அத்தை என்ன சொல்வார், என்னிடம் மறைத்தது என்ன நியாயம் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. ஆனால் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கண்டிப்பாகப் பேச முடியாது. தலையைத் தூக்கினால் இடிக்கிறது. கையை நீட்டினால் கிரீஸ். அதனால் ஒன்றை மட்டும் கேட்டேன்.

"அவங்க வீட்ல தெரியுமா?"

"தெரியும். அவங்கம்மா பொங்கலுக்கே என்கிட்டப் பேசிட்டாங்க."

அது எனக்குச் சுருக்கென்றது. பொங்கல் முடிந்து எத்தனை மாதம். எங்கேயோ தூத்துக்குடியில் நான் பார்த்திராத ஓர் அம்மாவுக்கு என் மகளைப் பற்றித் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவள் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி நானே திருகினேன். முரட்டுத்தனமாகத் திருகியிருக்க வேண்டும்.

"மெதுவாம்மா."

"எல்லாரு கிட்டயும் சொல்லியிருக்க."

"மத்தவங்க கிட்டச் சொல்லப் பயமில்ல" என்றாள். "நீ வேண்டாம்னு சொல்லிட்டா என்னால தாங்க முடியாது. அதான் சொல்லல."

மேலே ஊதா மருந்து பூசிய இரும்பைப் பார்த்தபடி வெகுநேரம் படுத்திருந்தோம். என் கண்ணில் ஏதோ தூசி விழுந்தது. அடியில் படுத்தால் விழத்தான் செய்யும். அவளுக்கும் விழுந்தது.

"அவங்க வீட்ல சர்ச்சுல வைக்கணும்பாங்க" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மொதல்ல வலது பக்கத்தையும் தூக்கோணும். ஒரு பக்கம் மட்டும் தூக்குனா வண்டி சாஞ்சு நிக்கும்" என்றேன்.

மீன் குழம்பு நன்றாக இருந்தது. என் வீட்டுக்காரர் மூன்று முறை வாங்கிக்கொண்டார். தோசைக் கணக்கெல்லாம் மறந்துவிட்டது.

ஜூலை 14, ஞாயிறு

சக்கரங்களை மாட்டி, அச்சில் புதிதாக மருந்து பூசி, இன்று ஓட்டிப் பார்த்தோம். மில் ரோடு போதாது என்றார் ஆக்னல். பைபாஸ் ரவுண்டானாவுக்குப் போனால் வலது பக்கமே திரும்பிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரலாம், கனம் இடது பக்கமே சாய்ந்திருக்கும், உரசுவதாக இருந்தால் அங்கே உரசியே ஆகவேண்டும் என்றார். கனத்துக்காக அவரும் என் வீட்டுக்காரருக்குப் பின்னால் இடது பக்கத்தில் உட்கார்ந்தார். மோனிஷா எனக்குப் பின்னால். வண்டி கொஞ்சம் உயர்ந்திருந்தது. அவள் அதைப் பார்க்காமல் ஏறினாள். நான் ஓட்டினேன். யாரும் நீ ஏன் ஓட்டுகிறாய் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ரவுண்டானாவில் அவ்வளவாக வண்டி இல்லை. உள்ளே நுழைந்து சுற்ற ஆரம்பித்தேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஆக்னல் கதவில் காதை வைத்திருந்தார். மோனிஷா குனிந்திருந்தாள். ஒரு சுற்று முடிந்தது. சத்தம் இல்லை. கொஞ்சம் வேகம் கூட்டினேன். சத்தம் இல்லை. டயர் ரோட்டில் ஓடுகிற சத்தம் தவிர ஒன்றுமே இல்லை. இத்தனை நாளில் அந்தக் கார் இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. அதில் இருந்த நான்கு பேரும்கூட.

அந்த அமைதியில் என் வீட்டுக்காரர், ரோட்டைப் பார்த்தபடியே, மில்லில் லோடு எப்போது ஏற்றுவது என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"அப்பறம், கல்யாணத்த எப்ப வெச்சுக்கறது?"

இவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. ஆக்னல் கதவிலிருந்து காதை எடுக்கவில்லை. இரண்டாவது சுற்று முடிந்துவிட்டது. வெளியே போகிற வழி வந்தது. நான் போகவில்லை. மறுபடி வலது பக்கம் திருப்பினேன்.

"ஆடி பொறக்குதுங்க" என்று என் குரலைப் போலவே ஒரு குரல் கேட்டது. "ஆவணியில வெச்சுக்கலாம். மொதல்ல நாம தூத்துக்குடிக்குப் போயி அவங்கம்மாவப் பாத்துட்டு வரோணும். பொங்கல்லருந்து காத்துட்டிருக்காங்க."

சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. ஸ்டீயரிங் என் கையில் இருந்ததால் பார்க்கவில்லை.